நாலு சவரன்

ஐந்நூறு கிரெயின் என்றால் எவ்வளவு கனம் என்று
மத்தார் கேட்டபோது
முப்பத்திரண்டு கிராம் என்றேன் அரபியில்.
மனசுக்குள் சொன்னது வேறு:
நாலு சவரன்.

அல் அயினில் எங்கள் கடைக்கு இடப்பக்கம் நகைக்கடை.
பதினோரு வருஷமாய் எனக்கு எல்லா எடையும்
அந்தச் சுவரைத் தாண்டித்தான் வருகிறது.
குன்றிமணிக்கு இரண்டு கிரெயின், நானாகப் போட்ட கணக்கு.
முந்நூற்று எழுபத்தைந்துக்குப் போடும் குண்டு
முந்நூறு கிரெயின்,
இரண்டரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறையும்.
தங்கை கல்யாணத்தில் அந்தக் கொஞ்சத்துக்குத்தான்
பந்தியில் குரல் உயர்ந்தது.

அவர் தான்சானியா போகிறார். காட்டெருமைக்கு.
ஆகஸ்ட். கண்ணாடிக்கு வெளியே நாற்பத்தெட்டு டிகிரி,
உள்ளே நாங்கள் கம்பளிச் சட்டை மடித்துக்கொண்டிருந்தோம்.
"பெரியது எடு. நானூற்று ஐம்பத்தெட்டு."
பெரியது கேட்பவருக்குப் பெரியதைக் காட்டு,
அது முதலாளி சட்டம்.
தோட்டாவை உள்ளங்கையில் உருட்டினார்
கொட்டை எடுக்காத பேரீச்சம்பழம் போல.
யானையும் விழும் என்றேன்.

யானை விழுந்து நான் பார்த்ததில்லை.
ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை.
அட்டவணை தெரியும். வேகம், விசை,
இருநூறு மீட்டரில் எத்தனை விரல் இறங்கும் என்பது.
உதையை மட்டும்
திரும்பி வருகிறவர்கள் கந்தூராவின் கழுத்தை இழுத்துக் காட்டும்
நீலத்தில் படித்திருக்கிறேன்.

பட்டறையிலிருந்து சர்வலி எழுந்து வந்தான்.
கோஹாட்காரன். பேச்சு குறைவு.
"சுடுகளத்துக்கு வரச் சொல்."

வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்.
மூன்று தோட்டா நிஜம்.
நாலாவது, மத்தாருக்குத் தெரியாமல் சர்வலி போட்டது,
மருந்தில்லாத வெற்று.
அழுத்தினார்.
சத்தமில்லை. ஒரு டிக்.
ஆனாலும் குழலின் முனை
நாலு விரல் குனிந்து மண்ணைக் கும்பிட்டது.

மத்தார் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"அடி விழுவதற்கு முன்பே இந்தத் தோள் அடி வாங்குகிறது"
என்றான் சர்வலி உருதுவில்.
அரபிக்கு மாற்றும்போது கொஞ்சம் மரியாதை சேர்த்தேன்:
எருமைக்கு முந்நூற்று எழுபத்தைந்து போதும்.
தாங்க முடிகிற துப்பாக்கிதான் நேராகப் பார்க்கும்.

வாங்கிக்கொண்டார். வண்டி போனபின்
சர்வலி என்னிடம் நீட்டினான், அதே வெற்று.
அழுத்தினேன். குழல் அசையவே இல்லை.
"நீ பெரிய வேட்டைக்காரன்."
இல்லை சர்வலி.
இந்தத் தோளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தது.
ஊர் நம்பர். அங்கே மணி ஒன்று.
எடுப்பதற்குள் குனிந்துவிட்டிருந்தேன்
கட்டில் இரும்பைப் பிடித்தபடி.
மச்சினன். தூக்கக் கலக்கத்தில் கை பட்டுவிட்டதாம்.
ஒன்றுமில்லை, வைக்கட்டுமா என்றான்.
டிக்.

ஜனவரியில் மத்தார் வந்தார், வெயிலில் கறுத்து.
இருபது கொண்டுபோன பெட்டியில்
பதினொன்று இருந்தது.
ஓர் எருமைக்கு ஒன்பது.
படம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.
புல், என்றார். ஆளை மறைக்கிற புல்.
இரண்டு நாள் அந்தப் புல்லுக்குள்.

பதிவேட்டில் கையெழுத்திட்டுக்கொண்டே
தலை நிமிராமல் கேட்டார்:
அடுத்த முறைக்கு நானூற்றுப் பதினாறு பார்க்கலாமா?
பட்டறையில் சர்வலி ரேடியோவைக் கூட்டினான்.
நான் அலமாரிச் சாவியைத் தேடினேன்.
நானூறு கிரெயின்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு கனம் என்றார்.

மூன்றேகால், என்றேன்
தமிழில்.